தரநிலையில் பெரிய எழுத்தில் இருக்கும் சொல் சிறிய எழுத்தில் வந்தால் பிழை யாருடையது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடியோ அழைப்புக்கான சர்வர் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பிரவுசர் அனுப்பும் ஐஸ் கேண்டிடேட் வரியில் (தன்னை எந்த முகவரியில் அடையலாம் என்று அது சொல்லும் வரி), எந்த டிரான்ஸ்போர்ட், அதாவது தரவைக் கொண்டுசெல்லும் முறை, என்று சொல்லும் இடத்தில் ஃபயர்ஃபாக்ஸ் ‘யூடிபி’யைப் பெரிய எழுத்தில் அனுப்புகிறது, குரோம் சிறிய எழுத்தில் அனுப்புகிறது. ஆர்எஃப்சியில், அதாவது இணையத் தரநிலை ஆவணத்தில், அச்சாகியிருப்பது பெரிய எழுத்துதான். உங்கள் பார்சர் (வரியைப் பிரித்துப் படிக்கும் நிரல்) அதையே எதிர்பார்த்ததால், குரோமில் இருப்பவர்களுக்கு அழைப்பு இணையவில்லை. ‘தரநிலையில் உள்ளபடி அனுப்பாதது அவர்கள் தப்பு’ என்கிறார் குழுவில் ஒருவர். ‘வரி முழுவதையும் சிறிய எழுத்தாக்கிவிட்டு ஒப்பிட்டால் தீர்ந்தது’ என்கிறார் இன்னொருவர். யார் சரி?

இருவரும் இல்லை. அந்த இடத்தில் சிறிய எழுத்து யூடிபி தரநிலைக்கு உட்பட்டதுதான். தள்ளிவிட்ட பார்சரில்தான் பிழை. ஆனால் வரி முழுவதையும் சிறிய எழுத்தாக்கினால் வேறோர் இடம் உடையும். குரோம் அதே வரியின் பின்பகுதியில் யூஃப்ராக் என்ற துணுக்கையும் சேர்த்து அனுப்புகிறது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்த, குருட்டாம்போக்கில் உருவாக்கிய சரம் அது. பிறகு நடக்கும் இணைப்புச் சோதனையில் பயனர் பெயரின் ஒரு பகுதியாகப் போவதும் அதுதான். அதில் ஓர் எழுத்து மாறினாலும் எதிர்ப்பக்கம் ‘இது யார் என்றே தெரியாது’ என்று சோதனையை நிராகரித்துவிடும். ஒரே வரியில் கேஸ் (பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு) பார்க்காத சொல்லும் கேஸ் பார்க்கும் சரமும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. ‘இந்தப் புரோட்டோகால் கேஸ் சென்சிடிவா?’ என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. ‘இந்தப் புரோட்டோகாலின் இந்த இடம் கேஸ் பார்க்குமா?’ என்று இடம் இடமாகத்தான் கேட்க வேண்டும்.

(தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது. அதனால் தேவைப்படும் இடங்களில் ‘பெரிய எழுத்து யூடிபி’, ‘சிறிய எழுத்து யூடிபி’ என்று சொல்லிவிட்டே போகிறேன்.)

முதலில், உங்கள் வழக்குக்கான ஆதாரம். இணையத் தரநிலைகளின் இலக்கணம் பெரும்பாலும் ஏபிஎன்எஃப் என்ற குறியீட்டு முறையில் எழுதப்படுகிறது. அந்த முறைக்கே ஒரு தரநிலை உண்டு: 2008 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 5234. அதற்கு முந்தைய வடிவம் 1997இல் வந்த 2234. இரட்டை மேற்கோளுக்குள் எழுதிய சரம் கேஸ் பார்க்காது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. மூன்றெழுத்துச் சொல்லை மேற்கோளுக்குள் போட்டால் எட்டு வடிவங்களும் அதற்குப் பொருந்தும் என்று எட்டையும் எழுதியே காட்டியிருக்கிறார்கள். பல நிரலாளர்களுக்கு இந்த விதி தெரிவதில்லை. நமக்குப் பழகிய நிரல்மொழிகளில் மேற்கோளுக்குள் இருப்பது அப்படியே, எழுத்துக்கு எழுத்து, இருப்பதுதான் வழக்கம். அந்தப் பழக்கத்தோடு ஆர்எஃப்சியைப் படித்தால் அச்சில் உள்ள வடிவமே விதி என்று தோன்றிவிடும்.

ஐஸ் கேண்டிடேட் வரியின் இலக்கணம் 2010இல் ஆர்எஃப்சி 5245 ஆக வந்தது. எஸ்டிபிக்கான (அழைப்பின் விவரங்களை வரிவரியாகச் சொல்லும் வடிவம் அது) பகுதி இப்போது 2021இன் ஆர்எஃப்சி 8839இல் இருக்கிறது. டிரான்ஸ்போர்ட் என்ற இடத்துக்கு அது தருவது இரண்டே வழி: மேற்கோளுக்குள் யூடிபி, அல்லது எதிர்கால நீட்சிக்காக ஏதாவது ஒரு ‘டோக்கன்’, அதாவது இடைவெளியில்லாத ஒற்றைச் சொல். முதல் வழி மேற்கோளுக்குள் இருப்பதால் கேஸ் பார்க்காது. டோக்கன் என்பதன் வரையறையோ அழைப்புகளைத் தொடங்கி முடிக்கும் சிப் புரோட்டோகாலின் தரநிலையான ஆர்எஃப்சி 3261இலிருந்து எடுத்தது. அந்தத் தரநிலை, டோக்கன்கள் எப்போதுமே கேஸ் பார்க்காதவை என்று சொல்லிவைத்திருக்கிறது. எந்த வழியில் போனாலும் சிறிய எழுத்து யூடிபியும் பெரிய எழுத்து யூடிபியும் ஒன்றே.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கேண்டிடேட் வரி எஸ்டிபி உடலுக்குள் வரும் பண்புகளில் ஒன்று. எஸ்டிபியின் 2006 தரநிலையான ஆர்எஃப்சி 4566, ஒரு புலம் தனியாக வேறுவிதம் சொன்னாலொழிய மதிப்புகள் கேஸ் பார்ப்பவை என்று பொதுவிதி வைக்கிறது. உங்கள் குழுவில் முதலாமவர் இதைக் கையில் எடுத்தால் என்ன பதில்? அந்தப் புலத்தின் இலக்கணமே அந்த ‘வேறுவிதம்’ என்பது என் வாசிப்பு. இதற்குச் சான்று எஸ்டிபிக்குள்ளேயே இருக்கிறது. சான்றிதழின் கைரேகையைத் தரும் ஃபிங்கர்பிரின்ட் வரியைப் பாருங்கள் (2006இன் ஆர்எஃப்சி 4572, பிறகு 2017இன் 8122). அதில் பதினாறடிமான இலக்கங்கள் பெரிய எழுத்தில்தான் வர வேண்டும். அதை எழுதியவர்கள் மேற்கோளை நம்பவில்லை. ஆஸ்கியில் ஏ முதல் எஃப் வரையுள்ள பெரிய எழுத்துகளின் எண் வரம்பை, அதாவது 65 முதல் 70 வரை, நேரடியாக இலக்கணத்தில் எழுதி, பக்கத்தில் ‘பெரிய எழுத்து’ என்று குறிப்பும் போட்டார்கள். எஸ்டிபியின் ஒவ்வொரு வரியையும் தொடங்கிவைக்கும் ஓரெழுத்தும் அப்படித்தான்: பதிப்பு வரியின் ‘வி’ 4566இன் இலக்கணத்தில் எழுத்தாக இல்லை, ஆஸ்கி எண்ணாக இருக்கிறது. கறாராக இருக்க வேண்டும் என்று நினைத்த இடத்தில் எண்ணால் எழுதத் தெரிந்தவர்கள், யூடிபியை மேற்கோளுக்குள் விட்டார்கள் என்றால் அங்கே கறார் வேண்டாம் என்றுதான் பொருள்.

எண்ணால் எழுதுவது என்ற இந்த உத்தியைக் கண்ணில் படிய வைத்துக்கொள்ளுங்கள். சதவீதக் குறி, அடுத்து எக்ஸ், பிறகு புள்ளி புள்ளியாகப் பதினாறடிமான எண்கள் என்று இலக்கணத்தில் ஒரு வரி வந்தால், எழுதியவர் கேஸைப் பூட்டிவிட்டார் என்று அர்த்தம். சிப்பில் இன்வைட் என்ற மெத்தட் (கோரிக்கையின் வகையைச் சொல்லும் சொல்) அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: பதின்மத்தில் சொன்னால் 73, 78, 86, 73, 84, 69. தரவுப் பரிமாற்ற வடிவமான ஜேசனில் ஃபால்ஸ் என்ற சொல் 102, 97, 108, 115, 101. ஆர்எஃப்சி 8259 அதோடு நிற்காமல், ட்ரூ, ஃபால்ஸ், நல் மூன்றும் சிறிய எழுத்தில் மட்டுமே வர வேண்டும் என்று வாக்கியமாகவும் சொல்கிறது. பைத்தான் அகராதியை அப்படியே சரமாக்கி ஜேசன் என்று அனுப்பிவிட்டு, முதலெழுத்துப் பெரிதான ட்ரூவால் மாட்டிக்கொள்பவர்களை வாராவாரம் பார்க்கிறோம். அங்கே பிழை சந்தேகமில்லாமல் அனுப்பியவருடையது.

எண்ணால் எழுதுவது துல்லியம்தான், ஆனால் மனிதர் படிக்க முடியாது. அதனால் 2014 டிசம்பரில் ஆர்எஃப்சி 7405 ஒரு சின்ன வசதியைச் சேர்த்தது. மேற்கோளுக்கு முன்னால் சதவீதக் குறியும் எஸ் எழுத்தும் போட்டால் அந்தச் சரம் கேஸ் பார்க்கும். எஸ்ஸுக்குப் பதில் ஐ போட்டால் பார்க்காது. எதுவும் போடாவிட்டால் பழைய விதியே. ஆக 2014க்கு முந்தைய ஆவணத்தில் எண் வரிசையைத் தேடுங்கள். பிந்தையதில் இரண்டையும் தேடுங்கள். இன்னொன்று: எல்லாத் தரநிலையும் ஏபிஎன்எஃப் பேசுவதில்லை. எக்ஸ்எம்எல் தரநிலையின் இலக்கணத்தில் மேற்கோளுக்குள் இருப்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே. ஆவணத்தின் தொடக்கத்தில் ‘குறியீட்டு மரபுகள்’ என்று நாம் எல்லோரும் தாண்டிப்போகும் ஒரு பத்தி இருக்கும். தீர்ப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஏன் இப்படி ஒரு தாராளமான இயல்பு விதி? 1963இல் வந்த முதல் ஆஸ்கியில் சிறிய எழுத்துகளே கிடையாது. 1967 திருத்தத்தில்தான் நுழைந்தன. அர்ப்பாநெட் காலத்தில் பரவலாக இருந்த டெலிடைப் 33 போன்ற முனையங்களால் பெரிய எழுத்து மட்டுமே அடிக்க முடியும். கட்டளையை மனிதர் கையால் தட்டி அனுப்பிய காலம் அது. எந்த முனையத்திலிருந்து வந்தாலும் ஏற்க வேண்டும் என்பதால் அஞ்சல், எஃப்டிபி கட்டளைகள் எல்லாம் கேஸ் பார்க்காதவையாகின. வேலையும் மலிவு: பெரிய ஏ 65, சிறிய ஏ 97, வித்தியாசம் 32, அதாவது ஒரே ஒரு பிட்.

அந்தக் காலத்துப் புரோட்டோகால்களிலும் ஓட்டைகள் உண்டு. அஞ்சலை இறக்கிக்கொள்ளும் பாப்3ஐ எடுங்கள் (1996, ஆர்எஃப்சி 1939). கட்டளைச் சொற்கள் கேஸ் பார்க்காதவை. ஆனால் சர்வர் தரும் ‘பிளஸ் ஓகே’, ‘மைனஸ் ஈஆர்ஆர்’ இரண்டையும் பெரிய எழுத்தில்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயம். அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப்பில் இன்பாக்ஸ் என்ற பெயர் மட்டும் எந்தக் கேஸில் எழுதினாலும் ஒன்றே; மற்ற அஞ்சல்பெட்டிப் பெயர்களில் அது சர்வரின் விருப்பம். பழைய அரட்டைப் புரோட்டோகாலான ஐஆர்சி இன்னும் வேடிக்கை. 1993இன் ஆர்எஃப்சி 1459 சதுர அடைப்புக்குறியின் ‘சிறிய எழுத்து’ நெளிவு அடைப்புக்குறி என்கிறது! ஸ்காண்டிநேவியாவில் பிறந்ததால் அப்படி என்று அதுவே காரணமும் சொல்கிறது. அங்கத்திய ஏழு பிட் குறியீட்டில் அந்த இடங்களில் உயிரெழுத்துகள் உட்கார்ந்திருந்தன.

எச்டிடிபிக்கு வருவோம், நம்மில் பலருக்குத் தினசரி அடிபடும் இடம் அது. ஹெட்டர் பெயர்கள் கேஸ் பார்க்காதவை என்பது எல்லோருக்கும் தெரியும். அதே வேகத்தில் மெத்தடும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். 2022இன் ஆர்எஃப்சி 9110 மெத்தட் கேஸ் பார்க்கும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சிறிய எழுத்து ‘கெட்’ என்பது வேறொரு மெத்தட், யாரும் இதுவரை பதிவு செய்யாத மெத்தட். பிரவுசரில் கோரிக்கை அனுப்ப உதவும் ஃபெட்ச் வசதியில் இதற்கு ஒரு கோணல் உண்டு. டெலீட், கெட், ஹெட், ஆப்ஷன்ஸ், போஸ்ட், புட் ஆறையும் எந்தக் கேஸில் கொடுத்தாலும் அது பெரிய எழுத்தாக்கி அனுப்பிவிடும். பேட்ச் அந்தப் பட்டியலில் இல்லை. சிறிய எழுத்தில் பேட்ச் என்று கொடுத்தால் சிறிய எழுத்திலேயே கம்பியில் போகும், சர்வர் பெரும்பாலும் 405 (இந்த மெத்தடுக்கு அனுமதி இல்லை) தரும். ‘புட் வேலை செய்கிறது, பேட்ச் மட்டும் செய்யவில்லை, சிஓஆர்எஸ் பிரச்சினையா?’ என்று, வேறு தளத்துக்கான கோரிக்கைகளைப் பிரவுசர் கட்டுப்படுத்தும் அந்த விதியைச் சந்தேகித்து யாராவது கேட்டால் முதலில் கேஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதிப்புச் சொல்லும் அப்படியே. கோரிக்கை வரியின் கடைசியில் வரும் ‘எச்டிடிபி’ பெரிய எழுத்தில் மட்டுமே வரலாம். 2014இன் 7230 அதை 72, 84, 84, 80 என்ற எண்களுக்கு ஈடாகத்தான் எழுதியது. ஆனால் அதே பெயர் குறியாக்க இணைப்பைத் தொடங்கும் டிஎல்எஸ் கைகுலுக்கலில் ஏஎல்பிஎன் (அடுத்து எந்தப் புரோட்டோகாலில் பேசுவது என்று ஒத்துக்கொள்ளும் நீட்சி) வழியாகப் போகும்போது? 2014இன் ஆர்எஃப்சி 7301, அடையாளங்களை வெறும் பைட்டுகளாகப் பார்க்கிறது. பதிவேட்டில் இருப்பது சிறிய எழுத்து ‘எச்டிடிபி/1.1’. ஒரே இணைப்பில், ஒரே பெயர், ஓரிடத்தில் சிறிய எழுத்தில் மட்டும், சில மில்லிநொடிகள் கழித்து இன்னோரிடத்தில் பெரிய எழுத்தில் மட்டும். இரண்டு இடமும் கறார். ஒரு மாறிலியை வைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் ஓட்ட முடியாது.

ஹெட்டர் பெயர் கேஸ் பார்க்காது என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. எச்டிடிபி/2 வந்தபோது (2015) ஹெட்டர் பெயர்களைச் சிறிய எழுத்தாக்கியே அனுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஒரு பெரிய எழுத்து இருந்தாலும் அந்தச் செய்தியே குறைபாடுள்ளது. எச்டிடிபி/1.1இல் முதலெழுத்துகள் பெரிதான ‘கன்டென்ட்-டைப்’பை அகராதியில் நேரடியாகத் தேடி, அதிர்ஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் முன்னால் இருந்த பிராக்ஸி எச்டிடிபி/2க்கு மாறிய அன்று விழுந்தன. புதுத் தரநிலைகளின் போக்கும் இதுதான்: கேஸ் பார்க்காமல் ஒப்பிடு என்று சொல்வதைவிட, ஒரே வடிவத்தை விதித்துவிடுவது. ஸ்ட்ரக்சர்டு ஃபீல்ட்ஸ் தரநிலையில் (2021இன் 8941) சாவிப் பெயர்கள் சிறிய எழுத்தில் மட்டுமே. எனக்கு இந்தப் போக்குப் பிடித்திருக்கிறது. பார்சரில் ஒரு கிளை குறைகிறது, சண்டையும் குறைகிறது.

மதிப்புகளுக்குள் போனால் இன்னும் கலவை. மீடியா டைப், கேரக்டர் செட், சுருக்க முறையின் பெயர் எல்லாம் கேஸ் பார்க்காதவை. மல்டிபார்ட்டின் பவுண்டரி, அதாவது செய்தியின் பகுதிகளைப் பிரிக்கும் சரம், கேஸ் பார்க்கும். இரண்டும் ஒரே ஹெட்டரின் ஒரே மதிப்பில் அடுத்தடுத்து வரும். ‘கன்டென்ட்-டைப் மதிப்பைச் சிறிய எழுத்தாக்கு’ என்று நல்லெண்ணத்தில் எழுதிய ஒரு வரி, கோப்புப் பதிவேற்றத்தை உடைத்துவிடும். சிப்பில் இதே கதை: ஹெட்டர் பெயர், அளவுருப் பெயர், டோக்கன் எல்லாம் பார்க்காது, மேற்கோளிட்ட சரம் பார்க்கும், கால்-ஐடி பைட்டுக்குப் பைட் ஒப்பிட வேண்டும். சிப்பின் பதிப்புச் சொல்லுக்கு வைத்த விதி எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம்: அது கேஸ் பார்க்காதது, ஆனால் அனுப்புபவர்கள் பெரிய எழுத்தில்தான் அனுப்ப வேண்டும். வாங்குபவருக்கு ஒரு விதி, கொடுப்பவருக்கு இன்னொன்று, இரண்டும் ஒரே மூச்சில். எல்லாத் தரநிலையும் இப்படி எழுதியிருந்தால் உங்கள் கேள்வியே வந்திருக்காது.

டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவுகளைக் கையாளுபவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம். மின்னஞ்சல் நம்பகத்துக்காக ஒரே டொமைனில் மூன்று பதிவுகள் வைக்கிறோம். எஸ்பிஎஃப் (2014, ஆர்எஃப்சி 7208) பதிப்புச் சொல்லையும் மெக்கானிசம் பெயர்களையும் மேற்கோளுக்குள் எழுதியதால் கேஸ் பார்க்காது. ஏபிஎன்எஃப் விதிப்படி அப்படி என்று அதுவே நினைவூட்டவும் செய்கிறது. டிகிம் (2011, ஆர்எஃப்சி 6376) நேரெதிர்: குறிச்சொற்கள் கேஸ் பார்க்கும், தனியாக விலக்குச் சொல்லாத மதிப்புகளும் பார்க்கும். டிமார்க் (2015, ஆர்எஃப்சி 7489) இரண்டுங்கெட்டான்: பதிப்பான டிமார்க்1ஐ எண்ணால் எழுதிப் பூட்டிவிட்டு, கொள்கை மதிப்புகளான நன், குவாரன்டைன், ரிஜெக்ட் மூன்றையும் மேற்கோளுக்குள் விட்டிருக்கிறது. எஸ்பிஎஃப் பதிவைச் சிறிய எழுத்தில் எழுதிய கையோடு டிமார்க்1ஐயும் சிறிய எழுத்தில் எழுதினால், அது டிமார்க் பதிவே இல்லை என்று ஒதுக்கப்படும். எச்சரிக்கை எதுவும் வராது.

இந்த ‘எச்சரிக்கை வராது’ என்பதுதான் கேஸ் பிழைகளில் உண்மையான ஆபத்து. உங்கள் பார்சர் விஷயத்தில் நடந்ததைத் திரும்பப் பாருங்கள். சிறிய எழுத்து யூடிபியைப் பார்த்து அது ‘இலக்கணப் பிழை’ என்று கத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆனால் இலக்கணம் நீட்சிக்கு இடம் தருகிறது. எந்த டோக்கனும் வரலாம். எனவே கறாராக ஒப்பிடும் பார்சர் சிறிய எழுத்து யூடிபியை ‘நமக்குத் தெரியாத புது டிரான்ஸ்போர்ட்’ என்று வகைப்படுத்தி, தெரியாததைப் புறக்கணி என்ற விதிப்படி அமைதியாகத் தூக்கிப்போடுகிறது. எல்லாக் கேண்டிடேட்டும் போனபின் மிஞ்சுவது ‘இணைப்பு தோல்வி’ என்ற ஒற்றை வரிப் பதிவு. நீட்சிக்கு இடம் தரும் இடம் எதுவானாலும் இப்படித்தான்: கேஸ் தவறு பிழையாகத் தெரியாது, அறியாத மதிப்பாகத் தெரியும். அறியாத மதிப்பைப் புறக்கணிக்கும்போது அந்த மதிப்பையே சர்வரின் லாகில் ஒரு வரியாக எழுதிவையுங்கள்.

செயலிகளுக்கு அணுகல் அனுமதி வழங்கும் ஓஆத் முறையில் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. 2012இன் ஆர்எஃப்சி 6749, தனியாகச் சொல்லாதவரை அளவுருப் பெயர்களும் மதிப்புகளும் கேஸ் பார்க்கும் என்று பொதுவிதி வைக்கிறது. டோக்கன் வகை (இங்கே டோக்கன் என்பது அனுமதிச் சீட்டு) என்ற மதிப்புக்கு மட்டும் பார்க்காது என்று விலக்குத் தருகிறது. எனவே சர்வர் சிறிய எழுத்தில் ‘பேரர்’ என்று தரலாம். கிளையன்ட் அதை அப்படியே எடுத்து ஆத்தரைசேஷன் ஹெட்டரில் ஒட்டி அனுப்புகிறது. அதுவும் சரிதான், அங்கீகார முறையின் பெயர் எச்டிடிபியில் கேஸ் பார்க்காது. ஆனால் மறுமுனையில் யாரோ ‘முதலெழுத்துப் பெரிய பேரர், பிறகு ஓர் இடைவெளி’ என்று தொடங்குகிறதா என நேரடியாகச் சோதித்திருப்பார், விளைவு 401, அதாவது அங்கீகாரம் இல்லை என்ற பதில். இதில் விதியை மீறியவர் மறுமுனைக்காரர் மட்டுமே. இருந்தாலும் நான் கிளையன்ட் எழுதினால் எடுத்து ஒட்டமாட்டேன்; தரநிலையில் அச்சான வடிவத்தையே அனுப்புவேன். நியாயம் என் பக்கம் இருப்பதைவிட டோக்கன் ஏற்கப்படுவது முக்கியம்.

மின்னஞ்சல் முகவரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டளைச் சொற்கள் கேஸ் பார்க்காதவை, டொமைன் பார்க்காது, ஆனால் அட் குறிக்கு இடப்பக்கம் உள்ள பெயரைக் கேஸ் பார்ப்பதாகவே நடத்த வேண்டும் என்கிறது 2008இன் ஆர்எஃப்சி 5321. அதே மூச்சில், அந்த வேறுபாட்டை யாரும் பயன்படுத்திக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்கிறது. நடைமுறை என்ன? பெறும் சர்வர் மட்டுமே இடப்பக்கத்துக்குப் பொருள் சொல்லலாம். வழியில் இருப்பவர்கள் தொடக்கூடாது. உங்கள் தளத்தில் பதிவு செய்தவரை அடையாளம் காண, சிறிய எழுத்தாக்கிய பிரதி ஒன்றைத் தேடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சல் அனுப்பும்போது அவர் தட்டச்சு செய்த வடிவத்தையே அனுப்புங்கள். போஸ்ட்மாஸ்டர் என்ற ஒரு பெயருக்கு மட்டும் எல்லோரும் எந்தக் கேஸிலும் ஏற்க வேண்டும் என்று விலக்கு உண்டு.

இதிலிருந்து ஒரு பொது நடைமுறை வருகிறது: ஒப்பிடும்போது கேஸ் பார்க்காமல் இருப்பது வேறு, மாற்றி எழுதுவது வேறு. இடையில் நிற்கும் பிராக்ஸியோ அஞ்சல் ரிலேயோ ஹெட்டர் பெயரின் கேஸைத் திருத்தினால் பொருள் மாறாது; ஆனால் டிகிம் கையொப்பம் ‘சிம்பிள்’ முறையில் இட்டிருந்தால் உடையும். ‘ரிலாக்ஸ்டு’ முறை மட்டுமே ஹெட்டர் பெயரைச் சிறிய எழுத்தாக்கிவிட்டுக் கணக்கிடுகிறது. வந்ததை வந்தபடியே வைத்திருங்கள். டிஎன்எஸ்ஸில் இதையே ஆயுதமாக்கியிருக்கிறார்கள்: பெயர்கள் கேஸ் பார்க்காதவை, ஆனால் பதிலில் கேள்வி அப்படியே திரும்பி வரும் என்பதால், ரிசால்வர் (பெயருக்கான முகவரியைக் கேட்டு வாங்கும் சர்வர்) கேள்வியில் எழுத்துகளின் கேஸைத் தாறுமாறாகக் கலக்கி அனுப்பிவிட்டு, அதே கலவையோடு வராத பதிலைப் போலி என்று ஒதுக்கும். 2008இல் பால் விக்சியும் டேவிட் டேகனும் வரைவாக வைத்த யோசனை. கூகுள் பப்ளிக் டிஎன்எஸ் பயன்படுத்துகிறது.

ஒப்பிடும் விதத்திலும் ஒரு குழி இருக்கிறது. ‘கேஸ் பார்க்காது’ என்று இத்தரநிலைகள் சொல்லும்போது ஆஸ்கியின் 26 எழுத்துகளை மட்டுமே சொல்கின்றன. உங்கள் மொழியின் பொதுவான பெரிய எழுத்தாக்கும் வசதி யூனிகோடு முழுவதையும், சில சமயம் இயங்குதளத்தின் மொழி அமைப்பையும் பார்க்கும். துருக்கி மொழி அமைப்புள்ள கணினியில் ஜாவா சிறிய எழுத்து ‘க்விட்’டைப் பெரிதாக்கினால் ஐயின் தலையில் புள்ளியோடு வரும் வேறோர் எழுத்து கிடைக்கும், கட்டளை பொருந்தாது. மறுபக்கம், கெல்வின் குறியீடு என்று யூனிகோடில் 8490ஆம் இடத்தில் ஓர் எழுத்து இருக்கிறது. அதைச் சிறிய எழுத்தாக்கினால் சாதாரண கே ஆகிவிடும். தடைப்பட்டியலோடு ஒப்பிடும் இடத்தில் இது பாதுகாப்பு ஓட்டை. மொழி அமைப்பைத் தவிர்க்கும் வடிவத்தை அழையுங்கள், அல்லது 65 முதல் 90 வரை உள்ள பைட்டுடன் 32ஐக் கூட்டும் நாலு வரிச் செயற்கூறை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஓரிடம்: தமிழ் டொமைன் பெயர்கள். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் எல்லாம் கம்பியில் போவது பியூனிகோடு வடிவத்தில், அதாவது ஆஸ்கி எழுத்துகளில். தமிழுக்குக் கேஸ் இல்லாவிட்டாலும் அந்த வடிவத்துக்கு உண்டு. 2003இன் ஆர்எஃப்சி 3492 அதில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் ஒரே எண் மதிப்பைத் தருவதால், யாராவது முழுவதையும் பெரிய எழுத்தாக்கினாலும் பெயர் பிழைத்துவிடுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே விலக்கிவிடலாம், ஏனென்றால் உங்கள் குழுவில் முதலாமவர் இதைக் கலந்து பேசுகிறார் என்று தோன்றுகிறது. மஸ்ட், ஷுட், மே என்று ஆவணங்களில் பெரிய எழுத்தில் வரும் சொற்கள் கம்பியில் போகும் சொற்கள் அல்ல; கட்டாயத்தின் அளவைச் சொல்பவை. 1997இன் ஆர்எஃப்சி 2119 அவற்றைப் பெரும்பாலும் பெரிய எழுத்தில் எழுதுவார்கள் என்று மட்டும் சொன்னதால், சிறிய எழுத்தில் வந்த மஸ்ட்டும் கட்டாயமா என்று இருபது ஆண்டு வழக்காடினார்கள். 2017இல் ஆர்எஃப்சி 8174 பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் என்று தீர்த்துவைத்தது. அதை வைத்துக்கொண்டு யூடிபிக்கு விதி சொல்ல முடியாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கேண்டிடேட் வரியை முதலில் இடைவெளிகளில் பிரியுங்கள். மூன்றாவது சொல்லான டிரான்ஸ்போர்ட்டையும், ‘டைப்’ என்ற குறிக்கு அடுத்து வரும் ஹோஸ்ட், எஸ்ஆர்எஃப்எல்எக்ஸ், ரிலே போன்ற சொல்லையும் ஆஸ்கி முறையில் கேஸ் பார்க்காமல் ஒப்பிட்டு, உள்ளே ஓர் எண் மாறிலியாக மாற்றிக்கொள்ளுங்கள். அதன்பின் நிரலின் வேறெங்கும் அந்தச் சரம் நடமாடக்கூடாது. முதல் சொல்லான ஃபவுண்டேஷனையும், யூஃப்ராக்கையும் தொடாதீர்கள். எஸ்டிபியின் ஆர்டிபி மேப் வரியில் வரும் கோடெக் (ஒலியையும் படத்தையும் சுருக்கும் முறை) பெயருக்கும் கேஸ் பார்க்காமல் ஒப்பிடுவதே சரி; பெரிய எழுத்து விபி8, சிறிய எழுத்து ஓபஸ் எல்லாம் வழக்கம்தான், விதியல்ல என்று ஆர்எஃப்சி 4855 சொல்கிறது. நீங்கள் அனுப்பும்போது டிரான்ஸ்போர்ட்டைப் பெரிய எழுத்தில், ஆவணத்தில் அச்சானபடி அனுப்புங்கள். மறுமுனையிலும் உங்களைப் போல ஒருவர் கறாரான பார்சர் எழுதியிருக்கக்கூடும். சோதனைத் தொகுப்பில் முதலும் கடைசியும் சிறிதாக, நடுவெழுத்து மட்டும் பெரிதான யூடிபி ஒன்றையும், யூஃப்ராக்கில் கலப்பு எழுத்துள்ள வரி ஒன்றையும் சேர்த்துவிட்டால், நாளை யாராவது ‘முழுவதையும் சிறிதாக்கிவிடலாமே’ என்று வரும்போது அவர் மாற்றம் அங்கேயே சிவப்பாகிவிடும். பிரவுசர் குழுவுக்குப் பிழை அறிக்கை எழுதிவைத்திருந்தால் அதை அனுப்ப வேண்டாம்.